கார் பார்க்கிங்கில் சுவர் வைக்கலாமா? ஷீட் போடலாமா? கை வைக்கும் முன் இதைப் படிங்க!

தாம்பரம்:

"என் இடத்துல வண்டியை விட்டது யாரு?" - ராத்திரி 9 மணிக்கு மேல் அடுக்குமாடி வீடுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. முதலில் வாய்ச்சண்டை. அடுத்து டயரில் காற்றைப் பிடுங்கி விடுவது. அதற்கு அடுத்து இரும்புக் கம்பி நட்டு, சங்கிலி கட்டி, பூட்டுப் போடுவது. கடைசியில் ஹாலோ பிளாக் சுவரே எழுந்து விடுகிறது. ஷட்டரும் வந்து விடுகிறது.

வில்லங்கம் ஆரம்பிப்பது அங்கேதான்.

குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், செம்பாக்கம், முடிச்சூர் என்று தாம்பரம் சுற்று வட்டாரத்தில் தெருவுக்குத் தெரு பிளாட்தான். தனி வீடு இருந்த மனையில் இப்போது ஆறு வீடு, எட்டு வீடு. வீட்டுக்கு ஒரு பைக் என்பது போய் இரண்டு பைக், பொண்ணுக்கு ஒரு ஸ்கூட்டி, தவணையில் ஒரு கார் என்று ஆகிவிட்டது. வண்டி பெருகியதே தவிர இடம் அதே இடம்தான். அதனால் பார்க்கிங்கை 'கொஞ்சம் மாத்தி' அமைத்துக் கொள்ளலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது.

மாற்றக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கட்டுமானம் என்று வந்துவிட்டால் இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று, கூடக் குடியிருக்கும் வீட்டுக்காரர்களின் கையெழுத்து. இன்னொன்று, பிளான் பாஸ் செய்த அரசு அலுவலகத்தின் உத்தரவு. இரண்டில் ஒன்று குறைந்தாலும் சிக்கல்தான். "எல்லா வீட்டுக்காரரும் ஓ.கே. சொல்லிட்டாங்க" என்று அதிகாரியிடம் சொன்னாலும் எடுபடாது. "ஆபீசில் சொல்லிட்டேன்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னாலும் எடுபடாது.

யாருடைய இடம் அது?

பிளாட் வாங்கும்போது பத்திரத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று வீடு. இன்னொன்று யூ.டி.எஸ். எனப்படும் நிலத்தின் பிரிபடாத பாகம்.

உதாரணத்துக்கு இரண்டு கிரவுண்டு மனை, அதாவது 4,800 சதுர அடி. அதில் ஒரே அளவில் 8 வீடுகள். ஒரு வீட்டுக்கு 600 சதுர அடி நிலம் பாகமாக வரும். ஆனால் அந்த 600 சதுர அடி வாசல் பக்கம் இருக்கிறதா, கிணற்றடியில் இருக்கிறதா என்று யாராலும் அளந்து காட்ட முடியாது. எட்டு பேரும் சேர்ந்து மொத்த நிலத்துக்கும் சொந்தக்காரர்கள். வாசல், மாடிப்படி, மொட்டை மாடி, பார்க்கிங் எல்லாமே இந்தக் கணக்கில்தான் வரும்.

ஆக, 'என் பார்க்கிங்' என்று நாம் சொல்வது வண்டி விடும் உரிமையை மட்டும்தான். அந்த இடத்தில் சுவர் எழுப்பும் உரிமை அதில் சேராது. ஒரு மூலையில் சுவர் வைத்தால் மற்ற ஏழு பேரின் நிலத்திலும் சேர்த்தே வைக்கிறோம் என்று அர்த்தம்.

தமிழ்நாட்டில் அடுக்குமாடி குடியிருப்புகளுக்கு என்று 1994-ல் ஒரு சட்டம் போட்டார்கள். அதற்குப் பதிலாக 2022-ல் புதுச் சட்டம் வந்தது. அது 2024 மார்ச் 6 முதல் அமலில் இருக்கிறது. பழைய கட்டடத்தை இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு வீட்டுக்காரர்கள் சம்மதித்தால் போதும் என்று இந்தப் புதுச் சட்டம் சொல்கிறது. இதைக் காதில் வாங்கிக் கொண்டு, 'பார்க்கிங்கை மாத்தவும் மூணுல ரெண்டு பங்கு போதும், கேஸ் போட்டாலும் நிக்காது' என்று சிலர் பேசுகிறார்கள். இடித்துக் கட்டுவது வேறு. இருக்கும் கட்டடத்தில் அடுத்தவர் வண்டி விடும் இடத்தை எடுத்துக் கொள்வது வேறு.

'காசு கொடுத்து வாங்கினேனே!'

"பில்டருக்கு பார்க்கிங்குக்குன்னு தனியா பணம் கொடுத்தேன். ரசீது கூட இருக்கு" - இப்படிச் சொல்பவர்கள் எல்லா கட்டடத்திலும் இருப்பார்கள்.

அவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. மும்பை தஹிசரில் ஒரு குடியிருப்பின் ஸ்டில்ட் பார்க்கிங்கை, அதாவது தூண்களுக்கு நடுவே வண்டி விடும் தரைத்தளத்தை, தனியாக விற்க பில்டருக்கு உரிமை உண்டா என்று வழக்கு நடந்தது. சுப்ரீம் கோர்ட் வரை போனது. 2010 ஆகஸ்ட் 31-ந் தேதி நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, ஏ.கே.பட்நாயக் தீர்ப்பளித்தனர். ஸ்டில்ட் பார்க்கிங் பொது இடம், அதை பில்டர் தனியாக விற்க முடியாது என்பதுதான் தீர்ப்பு. மகாராஷ்டிரா மாநிலச் சட்டத்தை வைத்துச் சொன்னதுதான். ஆனாலும் மற்ற ஊர்களிலும் பார்க்கிங் வழக்கு என்றால் வக்கீல்கள் முதலில் எடுப்பது இந்தத் தீர்ப்பைத்தான்.

அடுத்து வந்தது 2016-ம் ஆண்டின் ரெரா சட்டம். திறந்தவெளி பார்க்கிங் பொது இடம் என்று அதில் தெளிவாக எழுதி விட்டார்கள். 'கேரேஜ்' என்றால் என்ன என்பதற்கும் விளக்கம் இருக்கிறது. மேலே கூரை, மூன்று பக்கம் சுவர் இருந்தால்தான் கேரேஜ். நான்கு தூணுக்கு நடுவே மஞ்சள் கோடு போட்ட இடத்தை கேரேஜ் என்று சொல்ல முடியாது.

'ஆஹா, அப்படியானால் மூன்று பக்கம் சுவர் வைத்து கேரேஜ் ஆக்கி விடலாமே' என்று நினைக்க வேண்டாம். கட்டடம் கட்டும் முன்பே பிளானில் அப்படிக் காட்டி அனுமதி வாங்கியிருக்க வேண்டும். பின்னால் வைக்கும் சுவருக்குப் பெயர் விதிமீறல்.

பில்டரிடம் ரசீது வைத்திருப்பவருக்கு அந்த இடத்தில் வண்டி விட ஒதுக்கீடு இருக்கிறது. அதை மற்றவர்களும் மதிக்க வேண்டும். ஆனால் அந்த ரசீது சிமெண்ட் பூச லைசென்ஸ் ஆகாது.

சுவர் வைத்தால் என்ன கெட்டு விடும்?

முதலாவது, கட்டடப் பரப்புக் கணக்கு. இதை எப்.எஸ்.ஐ. என்பார்கள். சாதாரண உயரமுள்ள குடியிருப்புக்கு மனை அளவைப் போல இரண்டு மடங்கு வரை கட்டலாம் என்பது தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகளின் பொதுக்கணக்கு. 4,800 சதுர அடி மனையில் 9,600 சதுர அடி. வண்டி விடுவதற்கான ஸ்டில்ட் தளத்தை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது அரசு கொடுக்கும் சலுகை.

அந்த இடத்தை அடைத்து ரூம், குடோன், கடை என்று ஆக்கிய நிமிடமே சலுகை போய்விடும். அந்தப் பரப்பும் கணக்கில் ஏறும். பெரும்பாலான பில்டர்கள் அனுமதித்த அளவு முழுவதையும் ஏற்கனவே கட்டி முடித்திருப்பார்கள். எனவே ஒரு சின்ன ரூம் கூட மொத்தக் கட்டடத்தையும் 'விதிமீறிய கட்டடம்' ஆக்கிவிடும். பிறகு மேல் மாடியில் யாராவது வீட்டை விற்கப் போனால், பேங்க் இன்ஜினியர் வந்து பார்த்து விட்டு, 'பிளானில் இல்லாத கட்டுமானம் இருக்கே' என்று லோனுக்கு முட்டுக்கட்டை போடுவார். செய்தது ஒருவர், சிக்குவது எட்டு பேர்.

இரண்டாவது, டூவீலர்காரர்கள் பாடு. விதிப்படி ஒரு கார் நிற்க 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம் வேண்டும். ஒரு டூவீலருக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம். கார் நிற்கும் ஒரு இடத்தில் ஐந்து பைக்கை வரிசையாக நிறுத்தலாம். இரண்டு கார் இடத்தை ஒருவர் சுவர் வைத்து அடைத்துக் கொண்டால் பத்து பைக் தெருவுக்குப் போகும். காலையில் கம்பெனி பஸ்சைப் பிடிக்க ஓடுபவர், தெருவில் விட்ட பைக்கில் பெட்ரோல் இருக்கிறதா, பேட்டரி இருக்கிறதா என்று பார்த்து விட்டுத்தான் கிளம்ப வேண்டும். கார் வைத்திருப்பவர் கூட்டத்தில் சத்தமாகப் பேசுவார். பைக் வைத்திருப்பவர் பேசாமல் போய்விடுவார். தீர்மானம் அப்படித்தான் நிறைவேறுகிறது.

மூன்றாவது, உயிர் சம்பந்தப்பட்டது. 2001 ஜனவரி 26-ல் குஜராத் பூகம்பத்தின்போது அகமதாபாத்தில் விழுந்த மாடிக் கட்டடங்களில் பல, கீழே சுவர் இல்லாமல் தூண்களை மட்டும் வைத்து பார்க்கிங் விட்டவை. ஸ்டில்ட் தளம்தான் மொத்த எடையையும் தாங்குகிறது. 'கார் திரும்ப இடம் பத்தலை' என்று தூணின் ஓரத்தைக் கொத்துவது, பீமில் துளை போட்டு பைப் விடுவது எல்லாம் விஷப் பரீட்சை. தூணுக்கும் பீமுக்கும் பக்கத்தில் எந்த வேலையாக இருந்தாலும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் பார்த்து எழுதிக் கொடுக்காமல் உளி வைக்கக் கூடாது.

நான்காவது, கட்டடத்தைச் சுற்றி விட்டிருக்கும் காலியிடம். செட்பேக் என்று சொல்கிறார்களே, அது. அங்கே ஷீட் போட்டு அடைத்தால் தீ விபத்து நேரத்தில் தண்ணீர்க் குழாயை இழுத்துக் கொண்டு ஓட முடியாது. பிரசவ வலியில் இருப்பவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வரக்கூட வழி இருக்காது.

எதற்கு யாரிடம் கேட்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் அரசு அலுவலகத்துக்கு ஓட வேண்டியதில்லை.

* கோடு போடுவது, நம்பர் எழுதுவது, இடத்தை மாற்றி ஒதுக்குவது: வீட்டுக்காரர்கள் சங்கத்தின் தீர்மானம் போதும். பிளானில் காட்டிய பார்க்கிங் எண்ணிக்கையும் வண்டி போகும் வழியும் குறையக் கூடாது.

* சி.சி.டி.வி. கேமரா, லைட், கேட்டுக்கு புது பெயிண்ட்: சங்கம் முடிவு செய்யலாம்.

* திறந்தவெளி பார்க்கிங்குக்கு மேல் ஷீட் கூரை: சங்கத் தீர்மானம் வேண்டும். போடும் முன் பிளான் பாஸ் செய்த அலுவலகத்தில் மனு கொடுத்து எழுத்தில் பதில் வாங்கி விட வேண்டும். செட்பேக்கில் விதி அனுமதிக்கும் ஒரு சில சின்ன அமைப்புகளைத் தவிர வேறு எதுவும் நிற்காது.

* சுவர், ஷட்டர், ரூம், கடை: திருத்திய பிளான் பாஸ் ஆகாமல் ஒரு செங்கல் கூட வைக்கக் கூடாது. கடை என்றால் கட்டடத்தின் உபயோகமே மாறுகிறது. பெரும்பாலும் கிடைக்காது.

* ஒரு காருக்கு மேல் இன்னொரு காரைத் தூக்கி வைக்கும் மெஷின் பார்க்கிங்: சங்கத் தீர்மானம், திருத்திய பிளான், தளம் தாங்குமா என்று இன்ஜினியர் சான்று, மின் இணைப்பு எல்லாம் வேண்டும்.

* குழந்தைகள் விளையாடும் இடத்தை பார்க்கிங் ஆக்குவது: பெரிய வளாகங்களில் இந்த ஆசை வருகிறது. 10 ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை என்றால் 10 சதவீத இடத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்திருப்பார்கள். அது சங்கத்தின் சொத்தே இல்லை. அதில் கை வைத்தால் அரசு நில ஆக்கிரமிப்பு.

* தரை முழுக்க டைல்ஸ், சிமெண்ட் தளம்: மழைநீர் சேகரிப்புக் குழியை மூடக் கூடாது. 2003 முதல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். டைல்ஸ் ஒட்ட வருகிறவருக்கு இது தெரியாது. நாம்தான் காட்டிக் கொடுக்க வேண்டும்.

படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

முதல் வேலை, பாஸ் ஆன பிளானைக் கையில் வாங்குவது. பில்டர் கொடுத்த கலர் படம் பிளான் ஆகாது. சீல் போட்ட, அனுமதி நம்பர் உள்ள பிளான்தான் வேண்டும். சங்கத்திடமோ பில்டரிடமோ இல்லை என்றால் அனுமதி கொடுத்த அலுவலகத்தில் கேட்கலாம். கொடுக்காமல் இழுத்தடித்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பிளான் வந்ததும் கீழே இறங்கி ஒத்துப் பாருங்கள். பிளானில் எத்தனை கார், எத்தனை டூவீலர், விருந்தாளி வண்டிக்கு எது என்று இருக்கும். பல கட்டடங்களில் பில்டரே ஒரு மூலையை ரூமாக்கி விட்டுப் போயிருப்பது அப்போதுதான் தெரிய வரும்.

இரண்டாவது வேலை, சங்கத்துக்கு எழுத்தில் மனு. வாட்ஸ்அப்பில் போடும் மெசேஜ் மனு ஆகாது. என்ன மாற்றம், எந்த இடம், எத்தனை அடி, செலவு யார் தலையில், எத்தனை வண்டிக்கு இடம் குறையும் என்று எழுதி, கையால் போட்ட ஒரு வரைபடத்தையும் இணைக்க வேண்டும்.

மூன்றாவது, பொதுக்குழு. சங்க பை-லாவில் எத்தனை நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், எத்தனை பேர் இருந்தால் கூட்டம் செல்லும் என்று இருக்கும். அதன்படிதான் கூட்ட வேண்டும். தலைவர், செயலாளர், பொருளாளர் மூன்று பேர் டீக்கடையில் நின்று பேசி எடுத்த முடிவு தீர்மானம் ஆகாது. கூட்டத்தில் பேசியதை மினிட் புத்தகத்தில் எழுதி, வந்தவர்கள் கையெழுத்துப் போட வேண்டும். எதிர்ப்புச் சொன்னவர் பெயரையும் காரணத்தையும் எழுத வேண்டும். கோர்ட் வரை போனால் அந்தப் புத்தகம்தான் பேசும்.

நான்காவது, பதிவு பெற்ற இன்ஜினியர் அல்லது ஆர்க்கிடெக்ட் மூலம் திருத்திய பிளான் போடுவது.

ஐந்தாவது, விண்ணப்பம். தாம்பரம், பல்லாவரம் பகுதிகள் சி.எம்.டி.ஏ. எல்லைக்குள் வருகின்றன. சின்னக் கட்டடங்களுக்கு உள்ளாட்சி அலுவலகமே அதிகாரம் பெற்று அனுமதி கொடுக்கிறது. பெரிய கட்டடம் என்றால் எழும்பூர் காந்தி இர்வின் சாலையில் உள்ள சி.எம்.டி.ஏ.தான். அதன் எல்லை தாண்டிய ஊர்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம். முதலில் பிளான் பாஸ் செய்தது எந்த அலுவலகமோ அங்கே போய்க் கேட்பதுதான் சுலபம். இப்போது விண்ணப்பம் ஆன்லைனில்தான்.

'சுயசான்றிதழ் திட்டத்துல உடனே கிடைக்குமாமே' என்று சிலர் கேட்கிறார்கள். 2024 ஜூலையில் வந்த அந்தத் திட்டம் 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் சிறிய வீடுகளுக்கானது. அடுக்குமாடியின் பார்க்கிங்கை மாற்ற அது உதவாது.

ஆறாவது, உத்தரவு கைக்கு வந்த பிறகுதான் வேலை ஆரம்பம். 'விண்ணப்பம் போட்டாச்சு, வந்துடும்' என்று சுவரை எழுப்பி விட்டு மாட்டிக் கொள்பவர்கள்தான் அதிகம்.

எத்தனை கையெழுத்து?

இந்தக் கேள்விக்கு இரண்டு பதில். மாற்றம் செய்வது பில்டர் என்றால், ரெரா சட்டம் 14-வது பிரிவு தெளிவாக இருக்கிறது. பாஸ் ஆன பிளானையோ பொது இடத்தையோ மாற்ற, வீடு வாங்கியவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்க வேண்டும். பில்டர் கையில் இருக்கும் வீடுகள் கணக்கில் வராது. ஒருவர் நாலு வீடு வாங்கியிருந்தாலும் அவருக்கு ஒரே ஓட்டுத்தான். எட்டு பேர் என்றால் குறைந்தது ஆறு கையெழுத்து. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனை, அல்லது எட்டு வீட்டுக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ரெராவில் பதிவு செய்திருக்க வேண்டும்.

மாற்றம் செய்வது வீட்டுக்காரர்களே என்றால், சங்க பை-லா என்ன சொல்கிறதோ அதுதான். ஆனால் ஒன்று. பெரும்பான்மை இருக்கிறது என்பதற்காக, பத்திரத்திலோ ஒதுக்கீட்டிலோ ஒருவருக்குக் கொடுத்த வண்டி இடத்தைக் கூட்டம் போட்டுப் பிடுங்கினால் அவர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கலாம். அதனால் யாருடைய இடம் பாதிக்கிறதோ அவர் கையெழுத்து கட்டாயம் வேண்டும். மற்றவர்களிடமும் வாங்கி விட்டால் பின்னால் தொல்லை இல்லை.

கையெழுத்துப் போட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். வாடகைக்கு இருப்பவர் போட்டால் செல்லாது. வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் என்றால் அவர் பவர் கொடுத்த ஆள் போட வேண்டும்.

எலக்ட்ரிக் வண்டிக்கு சார்ஜர்

இப்போது பார்க்கிங் சண்டையில் புதுசாகச் சேர்ந்திருப்பது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். மூன்றாவது மாடியில் இருந்து ஒயர் தொங்க விட்டு சார்ஜ் போடுகிறார்கள். மழையில் நனைந்த ஒயரைக் குழந்தை தொட்டால் என்ன ஆகும்?

வீட்டில் இருக்கும் மின் இணைப்பில் இருந்தே சொந்த வண்டிக்கு சார்ஜ் போட்டுக் கொள்ளலாம் என்று மத்திய மின்துறையின் வழிமுறை சொல்கிறது. எனவே சங்கம் 'முடியவே முடியாது' என்று கதவை அடைப்பது சரியல்ல. ஆனால் எங்கே, எப்படி என்பதை சங்கத்தோடு பேசி எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும்.

தன் வீட்டு மீட்டரில் இருந்து தனி ஒயர் குழாய்க்குள் வர வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். ஷாக் அடித்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம். காருக்கு 7.2 கிலோவாட் சார்ஜர் மாட்டினால் நாலைந்து ஒன்றரை டன் ஏ.சி. ஒன்றாக ஓடுவதற்குச் சமம். மின்வாரியத்தில் லோடு அதிகப்படுத்தாமல் மாட்டினால் மொத்தக் கட்டடத்துக்கும் பியூஸ் போகும்.

பொது மீட்டரில் சொருகுவது வேண்டாத வேலை. வீட்டு மீட்டருக்குக் கிடைக்கும் 100 யூனிட் இலவசம் பொது மீட்டருக்குக் கிடையாது. ஒருவர் வண்டி ஓட எட்டு வீடும் பில் கட்டுவதா என்று அடுத்த மாதமே சண்டை வரும்.

வெள்ளம் சொன்ன பாடம்

2015 டிசம்பர் வெள்ளத்தை முடிச்சூர், வரதராஜபுரம் மக்கள் மறக்க மாட்டார்கள். வண்டிகள் முழுகிப் போயின. அதன் பிறகு பார்க்கிங் தரையை மண் கொட்டி ஒரு அடி, இரண்டு அடி உயர்த்தும் பழக்கம் வந்து விட்டது.

உயர்த்தும் முன் மூன்று விஷயம் பார்க்க வேண்டும். தலைக்கு மேல் உயரம் எவ்வளவு மிஞ்சும்? தண்ணீர் பக்கத்து வீட்டுக்குத் திரும்புமா? கழிவுநீர்த் தொட்டி மூடியும் சம்ப்பும் மண்ணுக்குள் போய்விடுமா? சங்கத் தீர்மானத்தோடு இன்ஜினியர் கருத்தும் வேண்டும். சார்ஜர், மீட்டர் பெட்டி எதுவாக இருந்தாலும் வெள்ளம் தொட்ட அளவுக்கு மேலே வைப்பது புத்திசாலித்தனம்.

வாரியக் குடியிருப்புகளில்...

வீட்டு வசதி வாரிய பிளாட்களில் பணம் கட்டி முடித்து விற்பனைப் பத்திரம் வாங்கியவர்கள் கூட, சுற்றியுள்ள காலியிடம் 'நமக்குத்தான்' என்று ஷெட் போட முடியாது. பத்திரத்தில் எந்த இடம் வரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று பார்த்து விட்டு வாரியத்தின் கோட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும்.

பெரும்பாக்கம் போன்ற நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளில் பிளாக்குக்கு வெளியே உள்ள இடம் வாரியத்தின் பொறுப்பு. ஆட்டோ, தள்ளுவண்டி, டிபன் கடை வண்டி வைத்துப் பிழைப்பவர்கள் அங்கே அதிகம். ராத்திரியில் வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றால் தனி ஆளாக ஷீட் போட்டு மாட்டிக் கொள்வதை விட, பிளாக் குடியிருப்போர் சங்கம் சார்பில் எஸ்டேட் அலுவலரிடம் மனுக் கொடுப்பது நல்லது. மனு வாங்கியதற்கு ஒப்புகை வாங்க மறக்கக் கூடாது.

வெல்டிங்காரர், கொத்தனார் கவனத்துக்கு!

ஷீட் போடுகிறவரும் சுவர் வைக்கிறவரும் கூலிக்கு வருகிறவர்கள்தான். ஆனால் பாதி வேலையில் அதிகாரி வந்து நிறுத்தினால் முதலில் நஷ்டப்படுவது அவர்கள். பைப்பும் ஷீட்டும் கடனுக்கு எடுத்திருப்பார். 'பிரிச்சு எடுத்துட்டுப் போ, பாக்கியை அப்புறம் பார்க்கலாம்' என்பார் வேலை கொடுத்தவர். அந்தப் பாக்கி வரவே வராது.

எனவே அடுக்குமாடி பார்க்கிங்கில் வேலை என்றாலே, சங்கத் தீர்மான நகலும் அனுமதி உத்தரவும் கேட்டுப் பார்த்து விட்டு வேலையை ஆரம்பிக்கலாம். 'எல்லாம் நான் பார்த்துக்கிறேன்' என்று வாயால் சொன்னால், பொருளுக்கான பணத்தை முதலிலேயே வாங்கிக் கொள்வதுதான் பாதுகாப்பு.

மீறினால் என்ன நடக்கும்?

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ல் 56, 57-வது பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. அனுமதி இல்லாத கட்டுமானத்தை அகற்றச் சொல்லி நோட்டீஸ் கொடுக்கலாம். நடக்கும் வேலையை நிறுத்தலாம். பூட்டி சீல் வைக்கலாம். நோட்டீஸ் வந்தால் 80ஏ பிரிவில் அரசுக்கு அப்பீல் செய்ய வழி உண்டு.

'அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்ற நினைப்பும் வேண்டாம். 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் 2007 ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு கட்டிய கட்டடங்களுக்குத்தான். இன்று வைக்கும் சுவர் அதில் வராது.

யாராவது அத்துமீறினால்?

சண்டை போடாமல் முதலில் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். தேதி தெரிய வேண்டும். அடுத்து சங்கத்துக்கு எழுத்தில் புகார். சங்கமே கூட்டு என்றால், அனுமதி இல்லாத கட்டுமானம் பற்றி உள்ளாட்சி அலுவலகத்துக்கும் சி.எம்.டி.ஏ.வுக்கும் பதிவுத் தபாலில் மனு அனுப்பலாம். சங்க நிர்வாகம் கணக்குக் காட்டாமல், கூட்டம் போடாமல் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் போகலாம். பில்டர் செய்த தில்லுமுல்லு என்றால் ரெரா குழுமம், இல்லாவிட்டால் நுகர்வோர் குறைதீர் ஆணையம். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது. குறை ஏற்பட்ட இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

வேலை நடக்கும்போதே தடுக்க வேண்டும் என்றால் சிவில் கோர்ட்டில் தடை உத்தரவு கேட்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். கோர்ட் வளாகங்களில் உள்ள சட்டப்பணிகள் குழுவில், வருமானம் குறைந்தவர்களுக்கு இலவச உதவி கிடைக்கும். பெண்கள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானக் கணக்கே பார்ப்பதில்லை. 15100 என்ற இலவச எண்ணில் விசாரிக்கலாம். இரண்டு தரப்பையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி முடிக்கும் சமரசமும் அங்கே உண்டு. தினமும் மாடிப்படியில் முகம் பார்க்க வேண்டியவர்களுக்கு அதுவே நல்ல வழி.

கையில் இருக்க வேண்டிய பேப்பர்கள்

* பாஸ் ஆன பிளான் நகல்
* விற்பனைப் பத்திரம், யூ.டி.எஸ். விவரம்
* பார்க்கிங் ஒதுக்கீட்டுக் கடிதம்
* சங்கப் பதிவுச் சான்று, பை-லா
* பொதுக்குழு நோட்டீஸ், தீர்மானம், கையெழுத்துப் பட்டியல்
* இன்ஜினியர் போட்ட திருத்திய பிளான், தேவைப்பட்டால் உறுதிச் சான்று
* விண்ணப்பம் போட்ட ரசீது, அனுமதி உத்தரவு

இத்தனையும் எதற்கு என்று அலுத்துக் கொள்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சுவர் வைக்கக் கூலி, அதை இடிக்கக் கூலி, நடுவில் கோர்ட் செலவு, லோன் கிடைக்காமல் நின்று போன வீட்டு விற்பனை. கூட்டம் போட்டுக் கையெழுத்து வாங்க ஆகும் செலவு ஒரு மினிட் நோட்டும், வந்தவர்களுக்கு ஒரு டீயும்தான்.